ஒரு மாதம் உலகம் நின்றால், தோட்டத்து வீடு நிற்குமா?

ஊரிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவிலோ தென்னந்தோப்புக்குள்ளோ குடியிருக்கும் உழவர் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கொங்குப் பகுதியில் அந்த வீட்டைச் சாளை என்பார்கள். மற்ற இடங்களில் தோட்டத்து வீடு, தோப்பு வீடு, காட்டு வீடு. பெயர் எதுவானாலும் அங்கே குடியிருப்பவர்களிடம் இந்த வாரம் ஒரு கேள்வி. நாளைக் காலை மின்சாரம் இல்லை, பேருந்து இல்லை, கடை திறக்கவில்லை, செல்போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. இந்த நிலை ஒரு மாதம் நீடித்தால் உங்கள் வீடு எத்தனை நாள் ஓடும்?

இது பயமுறுத்துவதற்காகக் கேட்பதல்ல. சில ஆண்டுகளுக்குள்ளேயே நாம் மூன்று முறை இதைப் பார்த்துவிட்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையும் மின்கம்பங்களும் ஒன்றாகச் சாய்ந்தன. உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வேளாண் பணிகளுக்கு இரண்டு, மூன்று நாளிலேயே விலக்கு அறிவித்தார்கள். ஆனால் லாரியும் ஆளும் சந்தையும் இல்லாமல் பூவும் வாழையும் காய்கறியும் தோட்டத்திலேயே வீணாயின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்கள் நாள்கணக்கில் தீவுகளாக நின்றன.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்தது இன்னும் நீண்டது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் சரிந்தது. 2022-ல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோக, டீசலும் மண்ணெண்ணெயும் சமையல் எரிவாயுவும் கிடைக்காமல் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெய்ப் பம்பை நம்பியிருந்த யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்கள் தண்ணீர் இறைக்க வழியின்றித் தவித்தன. அங்கே புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. கருவூலத்தில் நடந்த தவறு கிணற்றடி வரைக்கும் வந்து சேர்ந்தது.

வயலில் நிற்கும் நகரத்து வீடு

இரண்டு தலைமுறைக்கு முன் தோட்டத்து வீடு தனியாகவே நின்றது. குதிரில் நெல், பரணில் விதை, களத்தில் வைக்கோல் போர், கொல்லையில் விறகு, கிணற்றில் கவலை. வெளியிலிருந்து வாங்கியது உப்பு, துணி, தீப்பெட்டி போன்ற சிலதுதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பஞ்சமும் காலராவும் அப்போதுதான் இருந்தன. சாலையும் மின்சாரமும் மருத்துவமனையும் வந்ததால்தான் நம் ஆயுள் கூடியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்று நெல் முழுவதையும் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு அரிசியைக் கடையில் வாங்குகிறோம். தென்னை விவசாயி எண்ணெய்ப் பாக்கெட் வாங்குகிறார். மாடு வைத்திருப்பவர் வீட்டில் எரிவது சிலிண்டர் மட்டும்தான். 300 அடி ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் ஓடாவிட்டால் ஒரு குடம்கூட வராது. வீடு வயலில் நின்றாலும் பிழைப்பு நகரத்து வீடு போலவே நடக்கிறது. நகரத்து வீட்டுக்கு அருகில் கடையாவது உண்டு. தோட்டத்து வீட்டுக்கு அதுவும் இல்லை. வசதிகளை விட வேண்டியதில்லை. அவை நின்றுபோனாலும் ஒரு மாதம் சிரமமில்லாமலும், மூன்று மாதம் சிரமப்பட்டாவதும் ஓடக்கூடிய அடித்தளத்தை மீண்டும் போட வேண்டும். அதற்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் நிலத்திலேயே இருக்கிறது.

முதலில் தண்ணீர்

அரிசி இல்லாமல் சில நாள் சமாளிக்கலாம். தண்ணீர் இல்லாமல் முடியாது. ஒரு கறவை மாடு நாளைக்கு 50 முதல் 70 லிட்டர் குடிக்கும். மூன்று மாடும் ஐந்து பேரும் இருக்கும் வீட்டுக்குக் குளியல், துவையலைச் சுருக்கினாலும் தினம் 300 லிட்டர் வேண்டும். கூரைமேல் இருக்கும் 500 லிட்டர் தொட்டி இரண்டாம் நாளே காலி.

பழைய திறந்தவெளிக் கிணறு இருந்தால் அதைக் குப்பைக்குழி ஆக்காதீர்கள். தூர் வாரி, சுற்றுச்சுவர் எழுப்பி, கப்பியும் கயிறும் வாளியும் தயாராக வையுங்கள். ஆழ்துளைக் கிணறு மட்டும் இருந்தால், மேல்மட்ட நீர் கிடைக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பு போடுவதைப் பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து யோசியுங்கள். சூரிய சக்திப் பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. விண்ணப்பிக்கும்போது ‘யுனிவர்சல் சோலார் பம்ப் கன்ட்ரோலர்’ பற்றிக் கேளுங்கள். பி.எம்.குசும் திட்ட விதிகளில் அதற்கு இடம் உண்டு. அது இருந்தால், தண்ணீர் இறைக்காத நேரத்தில் அதே தகடுகளால் தீவன வெட்டி, மாவு அரைக்கும் இயந்திரம் போன்றவற்றையும் ஓட்டலாம்.

வெள்ளத்துக்குப் பின் கிணற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். வழக்கமான நாள்களில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 3 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 2 மீட்டர் உயரம் தண்ணீர் இருந்தால் சுமார் 14,000 லிட்டர். அதற்கு 35 கிராம். தனி வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரமாவது கழித்துப் பயன்படுத்த வேண்டும். வெள்ளநீர் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. கிராம சுகாதாரச் செவிலியரையோ சுகாதார ஆய்வாளரையோ கேட்டுச் செய்யுங்கள். பவுடரைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. குடிக்கும் நீரைக் கொதிக்கவைப்பதே எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

ஐந்து மூட்டை நெல்

ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால், ஐந்து பேருக்கு மாதம் 60 கிலோ, மூன்று மாதத்துக்கு 180 கிலோ. இதற்கு ஏறக்குறைய 280 கிலோ நெல் வேண்டும். 60 கிலோ மூட்டையாக ஐந்து மூட்டை. இதுதான் உங்கள் வீட்டுக் காப்பு.

‘கூட்டுறவுக் கடன் தவணை நிற்கும்போது ஐந்து மூட்டையை எப்படி நிறுத்தி வைப்பது?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். குத்தகைக்கு உழுபவருக்கு அது இன்னும் கடினம். ஒரே அறுவடையில் நிறுத்த வேண்டாம். இந்தப் போகம் இரண்டு, அடுத்த போகம் இரண்டு என்று சேருங்கள். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அது செலவல்ல. புது நெல் வந்ததும் பழைய நெல்லைச் சாப்பாட்டுக்கு எடுத்து, புதியதை அந்த இடத்தில் வையுங்கள். பழைய அரிசிச் சோறு நம் வீடுகளில் யாருக்கும் கசப்பதில்லை. முடங்கி நிற்பது ஐந்து மூட்டையின் விலை மட்டும். ஊரடங்கு, புயல் நாள்களில் வட்டிக்கு வாங்கி அரிசி வாங்கியவர்களைக் கேட்டால் அந்தப் பணம் வீணா, இல்லையா என்று சொல்வார்கள்.

நெல்லை 12 சதவீத ஈரத்துக்கு மேல் இல்லாமல் காயவைத்து, தரையிலிருந்து உயரத்தில், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். நொச்சி, வேப்பிலையைக் காயவைத்து இடையில் போடுவது பழைய வழக்கம். அதோடு மாதம் ஒருமுறை கையை விட்டுப் பார்ப்பதும் வேண்டும். ஒரு மாத அளவை அரிசியாகவே அரைத்து வையுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் அரவை ஆலையும் ஓடாது.

பயறு வகைகளில்தான் வண்டு சீக்கிரம் விழும். முழுப் பயறாக வைப்பதைவிட உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டுத் தாக்குதல் குறையும். விதைக்கு முழுசாக வைப்பதானால் கிலோவுக்கு 5 மி.லி. சமையல் எண்ணெய் தடவி வைக்கலாம். கேழ்வரகு நன்றாகக் காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. மானாவாரிப் பகுதியினர் இதை விட்டுவிடக் கூடாது.

காய்கறிக்குக் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. சேனை, சேம்பு மண்ணுக்குள் இருக்கும்வரை அதுவே கிடங்கு. புயலில் வாழையும் முருங்கையும் ஒடிந்தாலும் கிழங்கு மிஞ்சும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மரவள்ளி அழுகிவிடும். அங்கே சேம்பு வையுங்கள். கோடையில் சுண்டைக்காய், கொத்தவரை, மணத்தக்காளி வற்றல் போடுவதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். உங்கள் நிலத்தில் விளையாதது உப்பு. அதில் மட்டும் ஆறு மாத அளவு வாங்கி வைத்தாலும் தப்பில்லை.

விதையும் உரமும்

ஊரடங்கிலும் இலங்கை நெருக்கடியிலும் தெரிந்த ஒரு பாடம், அடுத்த போகத்துக்கான விதை வீட்டில் இருப்பவர் அடுத்த ஆண்டைப் பற்றிப் பயப்படுவதில்லை என்பது. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை மறுமுறை அதே குணத்தைத் தராது. எனவே வீட்டுத் தேவைக்கான கத்தரி, வெண்டை, அவரை, பூசணியையாவது நாட்டு ரகமாக வைத்து, விதையை நீங்களே எடுங்கள். நெல்லிலும் ஒரு பகுதி நிலத்தில் உங்கள் மண்ணுக்குப் பழகிய ரகம் இருக்கட்டும். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்து உழவர்களிடம் பரப்பிவிட்டுச் சென்றிருக்கிறார். வெள்ளம் தேங்கும் பள்ளக்கால்களுக்கு, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்களும் உள்ளன. பழசு, புதுசு என்ற சண்டை இதில் வேண்டாம். தாங்குவது எதுவோ அது வேண்டும்.

யூரியாவை மூட்டை மூட்டையாகப் பதுக்காதீர்கள். ஈரம் இழுத்துக் கட்டியாகும். பக்கத்து வயல்காரருக்குக் கிடைக்காமலும் போகும். அதற்குப் பதில் இரசாயன உரத்தின் தேவையைப் பாதியாவது குறைக்கும் வழியைத் தேடுங்கள். தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் தொழுவுரக் குழியை மழை நனைக்காமல் மூடுவதும் இந்த ஆண்டே செய்யக்கூடியவை. இலங்கையின் தவறு இயற்கை உரத்துக்குப் போனதல்ல. ஒரே நாளில், தயாரிப்பில்லாமல் போனது.

அடுப்பு, விளக்கு, தொழுவம்

நான்கைந்து மாடு இருக்கும் வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வைக்கலாம். தினம் 50 கிலோ சாணம் போட்டால் ஒரு குடும்பத்தின் சமையல் முடியும். கழிவு வயலுக்கு உரம். அதற்கு வழியில்லாதவர்கள் மழைக்கு முன் மட்டை, பாளை, கருவேல விறகை நனையாமல் அடுக்கிவைத்து, புகைபோக்கியுடன் ஒரு அடுப்பைத் தயாராக வைத்தால் போதும். டிராக்டர் பேட்டரியே இரண்டு எல்.இ.டி. விளக்கையும் செல்போனையும் தாங்கும். அதற்கான வயரும் பிளக்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டியும் வேண்டும். கோபுரம் சாய்ந்த பிறகு செய்தி சொல்லப்போவது அதுதான். டீசல் ஒரு கேன் போதும். வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் புதிதாக மாற்றுங்கள். பீப்பாயில் சேர்த்தால் அது வீட்டுக்குள் வைத்த நெருப்பு.

மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு மாட்டுக்கு 540 கிலோ. போரை மேட்டில் வையுங்கள். கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளை மழைக்கு முன் போட்டுவிடுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் மாட்டைக் கட்டிவைத்துவிட்டு வெளியேறாதீர்கள். அவிழ்த்துவிட்டால் அது மேட்டைத் தேடிப் போகும்.

மருந்தும் ஆவணமும்

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் ஒரு மாதம் கூடுதலாக இருக்கட்டும். மருத்துவரிடம் காரணம் சொல்லிக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள், பெரிய மண்பானைக்குள் சிறிய பானை வைத்து இடையில் ஈர மணலை நிரப்பி, அதில் வைத்துக் காக்கலாம். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெள்ளத்தோடு பாம்பும் மேட்டுக்கு வரும். கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, தரைப்பாலம் மூழ்கினால் எந்த மாற்று வழி என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

பட்டா, சிட்டா, காப்பீட்டு ரசீது, குடும்ப அட்டை நகல்களை ஒரு நெகிழி உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். இன்னொரு நகல் வெளியூர் உறவினரிடம் இருக்கட்டும். பயிர்க் காப்பீட்டில் வெள்ளநீர் சூழ்வது போன்ற உள்ளூர்ப் பேரிடர் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள். செல்போன் அணைந்த பிறகு யாருக்கும் எண் நினைவில் வராது.

தனி வீடு தனியாக நிற்காது

இவ்வளவையும் சேர்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் பிழைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தின் இன்னொரு காலத்தை நினைவூட்ட வேண்டும். 1990-களில் போரும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து எரிபொருள், உரம், பேட்டரி, சோப்பு வரை அங்கே அரிதாயின. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தார்கள். ஒடியலும் புழுக்கொடியலும் பசியைத் தாங்கின. பனை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த மூத்தவர்கள் இருந்தார்கள். கையில் இருந்ததை அயல்வீட்டாருடன் பகிரும் பழக்கமும் இருந்தது. பொருள் மட்டும் வைத்திருந்த தனி வீடு அத்தகைய காலத்தைத் தாண்டியிருக்க முடியாது.

கஜாவுக்குப் பிறகு நம் டெல்டாவிலும் அதுவே. சாலையில் விழுந்த மரங்களை முதலில் அறுத்தது ஊர் இளைஞர்கள்தான். வாடகை ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள்.

ஆகவே, கூப்பிடு தூரத்தில் உள்ள ஐந்தாறு வீடுகள் ஒரு குழுவாகுங்கள். எல்லோரும் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் டீசல் என்ஜின், ஒரு வீட்டில் மரம் அறுக்கும் இயந்திரம், ஒரு வீட்டில் திறந்த கிணறு, இன்னொன்றில் டிராக்டர். வயரிங் தெரிந்தவர் யார், ஊசி போடத் தெரிந்தவர் யார், பிரசவத்துக்குக் காத்திருப்பவர் யார், தனியாக இருக்கும் முதியவர் யார் என்று எழுதி வையுங்கள். தோட்டத்து வீடுகளில் தனித்து வாழும் முதியவர்கள் தாக்கப்படும் செய்திகள் வருகின்றன. காலையிலும் மாலையிலும் ஒரு குரல் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு சாதாரண நாளிலும் உயிர் காக்கும்.

இந்தக் குழுவில் நிலம் உள்ளவர்கள் மட்டும் இருந்தால் அது பாதிக் குழு. நடவுக்கும் அறுவடைக்கும் யாருடைய கை நமக்கு வேண்டுமோ, அவர்கள் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். அவர்கள் வீட்டுக்கான ஒரு மூட்டை நெல்லும் நம் கணக்கில் சேர வேண்டும்.

துறையினர் செய்ய வேண்டியது

உதவி வேளாண்மை அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பொறுப்பில் உள்ள கிராமங்களில் தனித்த தோட்டத்து வீடுகள் எத்தனை, அங்கே மாடு எத்தனை, மின்சாரமில்லாமல் தண்ணீர் எடுக்க வழி உண்டா என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆத்மா திட்டப் பயிற்சிகளில் விதை எடுப்பதற்கும் தானியச் சேமிப்புக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கிடங்குகளில் ஊர் விதை நெல்லுக்கும் காப்பு நெல்லுக்கும் சிறிது இடம் தருவதை அரசு கொள்கையாக அறிவிக்க வேண்டும். ஊராட்சிதோறும் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டர், புயல் வந்த பிறகு வாடகைக்குத் தேடாமல், முன்பே இருக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே கூடுகிறது. அதில் இதைத் தீர்மானமாக வையுங்கள்.

அதற்கு முன் நீங்கள் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டு மெயினை அணைத்துவிடுங்கள். மருந்து வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டி இருந்தால் அதற்கு முதலில் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சிலிண்டரைத் திறக்காதீர்கள், கடைக்குப் போகாதீர்கள், செல்போனை அணைத்து வையுங்கள். மறுநாள் காலை ஆறு மணி வரை வீட்டையும் தொழுவத்தையும் நடத்திப் பாருங்கள். எது எப்போது தடைப்பட்டது என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வீட்டில் என்ன வேலை பாக்கி என்பதற்கு அந்த நோட்டைவிடச் சரியான பட்டியலை எந்தத் துறையும் தர முடியாது.